பெரிய நிலநடுக்கங்கள் கூடிவிட்டனவா?

(புக்கிட் பெலண்டோக்கில், ஆலய மண்டபம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச வாங்க என்று நிர்வாகத்தினர் அழைத்தபோது, உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கேள்விகளைச் சொன்னார்கள். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வரும், இப்போது வருஷம் தவறாமல் பெரிய பெரிய நிலநடுக்கமாக வருகிறதே, பூமிக்கு என்ன ஆச்சு என்பது ஒன்று. சிகாமட் வரைக்கும் வந்துவிட்டது, இங்கேயும் வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், கூடவில்லை. இரண்டாவதற்குப் பதில், வரலாம். இந்த இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகிற மாதிரித் தெரியும். கூடவில்லை என்றால் ஏன் பயப்பட வேண்டும், வரலாம் என்றால் எப்படிக் கூடவில்லை என்கிறீர் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சிகாமட்டை முதலில் பார்த்துவிடுவோம். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 6.13. விடியாத நேரம், விடுமுறை நாள், பாதிப் பேர் படுக்கையை விட்டு எழவில்லை. பட்டணத்துக்குப் பக்கத்தில், சுமார் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் பாறை நழுவியது. அளவு 4.1 என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஜொகூரில் மட்டுமில்லை, மலாக்காவிலும் பகாங்கின் தென்பகுதியிலும் நம் நெகிரி செம்பிலானிலும் சிலர் அதை உணர்ந்தார்கள். அந்த வாரத்திலேயே அதைவிடச் சிறியதாக இன்னும் சில வந்தன. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆனால் அன்று மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் உலகம் மூன்று தடவை அழிந்து முடிந்தது.

4.1 என்பது எவ்வளவு? இந்த 4-இலிருந்து 4.9 வரைக்குமான நிலநடுக்கங்கள் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 13,000 வருகின்றன. அதாவது நாம் இங்கே உட்கார்ந்து பேசுகிற இந்த ஒரு நாளில் மட்டும் முப்பதுக்கு மேல். அளவுக்கணக்கில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுமத்திராவில் வந்த 9.1, சிகாமட்டில் வந்ததைப் போல மூன்று கோடி மடங்கு. இரண்டுக்கும் தமிழில் ‘நிலநடுக்கம்’ என்று ஒரே பெயர்தான், செய்தித்தாளில் ஒரே அளவு எழுத்துதான்.

இப்போது முதல் கேள்வி. 8-க்கு மேற்பட்டது ஆண்டுக்குச் சராசரி ஒன்று. 7-இலிருந்து 7.9 வரைக்கும் ஆண்டுக்குச் சுமார் பதினைந்து. இது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவுகளிலிருந்து வரும் சராசரி. சராசரி என்பதால் ஏற்ற இறக்கம் உண்டு: 1989-இல் 7-க்கு மேற்பட்டவை ஆறே ஆறு, 2010-இல் இருபதுக்கு மேல். 2010-ஐ மட்டும் பார்த்தவர் பூமி வெடிக்கப் போகிறது என்பார். 1989-ஐ மட்டும் பார்த்தவர் பூமி அடங்கிவிட்டது என்பார்.

ராட்சச அளவானவற்றை, அதாவது 8.5-க்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் அஸ்ஸாம், இந்தியாவின் சுதந்திர தினத்தன்று மாலையில், 8.6. 1952-இல் ரஷ்யாவின் கம்சாட்கா, 9.0. 1957-இல் அலூஷியன் தீவுகள். 1960-இல் சிலி, 9.5; இதுவரை கருவியில் பதிவானவற்றில் இதுதான் மிகப் பெரியது. 1964-இல் அலாஸ்கா, 9.2. 1965-இல் மறுபடியும் அலூஷியன் பக்கம். பதினைந்து ஆண்டுகளில் இத்தனை. அதற்குப் பிறகு? ஒன்றுகூட இல்லை. 1965-இலிருந்து 2004 வரைக்கும், கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள், அந்த அளவில் எதுவுமே வரவில்லை. அப்புறம் 2004 சுமத்திரா, 2005 நியாஸ், 2010 சிலி, 2011 ஜப்பான், 2012-இல் சுமத்திராவுக்கு மேற்கே நடுக்கடலில் 8.6. பிறகு பதின்மூன்று ஆண்டுகள் இடைவெளி விட்டு 2025 ஜூலையில் கம்சாட்காவில் 8.8.

இந்த மண்டபத்தில் நாற்பது, ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள்தான் அதிகம். நாமெல்லாம் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றது எந்தக் காலத்தில்? அந்த நாற்பது ஆண்டு அமைதியில். நமக்கு வழக்கம் என்று மனத்தில் பதிந்ததே வழக்கத்துக்கு மாறான ஓர் அமைதி. அதனால்தான் 2004-க்குப் பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்ட மாதிரித் தெரிகிறது. 1945-இல் இருபது வயதாக இருந்த ஒருவரைக் கேட்டிருந்தால் அவருடைய கணக்கு வேறாக இருந்திருக்கும்.

சரி, ஏன் இப்படிக் கொத்துக் கொத்தாக வர வேண்டும்? பழைய லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். காய் வெடிக்கும் சீசனில் பால்மரத்துக் கொட்டைகள் தகரக் கூரையில் விழும். டக், டக், டக் என்று மூன்று விழும். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இருக்காது. பிறகு திடீரென்று ஐந்து. மரங்கள் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டு போடவில்லை. தற்செயலாக விழுவது எதுவுமே மணியடித்தாற்போல் சம இடைவெளியில் விழாது. பீட்டர் ஷியரர், பிலிப் ஸ்டார்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1900-இலிருந்து வந்த பெரிய நிலநடுக்கங்களை எல்லாம் எடுத்து இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள். 2012-இல் வெளியிட்டார்கள். பின்னதிர்வுகளைக் கழித்துவிட்டால் மீதி இருப்பவை தற்செயலாக விழுகிறவற்றிலிருந்து வேறுபடவில்லை, உலக அளவில் ஆபத்து கூடியதற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு.

கூடியது வேறொன்று. 1931-இல் உலகம் முழுவதும் நிலநடுக்கம் பதியும் நிலையங்கள் சுமார் 350. இன்றைக்கு ஆயிரக்கணக்கில். இடையில் ஒரு வேடிக்கை உண்டு: 1960-களில் உலகெங்கும் நல்ல கருவிகளை வைக்க அமெரிக்கா பணம் கொட்டியது நிலநடுக்கத்துக்காக இல்லை, ரஷ்யாக்காரன் பூமிக்கடியில் அணுகுண்டு வெடிக்கிறானா என்று ஒட்டுக் கேட்க. நமக்கு வந்த லாபம் இந்த அறிவியல். கருவிகள் பெருகியதால் சின்னச் சின்ன அதிர்வுகளின் எண்ணிக்கை பட்டியலில் ஏறுகிறது. பெரியவற்றை அன்றைய கருவிகளே தவறவிட்டதில்லை, அந்த எண்ணிக்கை ஏறவில்லை.

சாவு எண்ணிக்கையும் ஏமாற்றும். 2010 ஜனவரியில் ஹைத்தியில் 7.0, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8, ஆற்றலில் 500 மடங்கு. அங்கே இறந்தவர்கள் சுமார் ஐந்நூற்றுச் சொச்சம். சிலிக்காரர்கள் 1960-இல் பட்ட அடிக்குப் பிறகு கட்டட விதியைக் கறாராக வைத்திருந்தார்கள். ஹைத்தியில் ஏழை எளியவர்கள் கிடைத்த சிமெண்டையும் கல்லையும் வைத்து மாடி மேல் மாடி எழுப்பியிருந்தார்கள். ஆளைக் கொன்றது பெரும்பாலும் கூரையும் சுவரும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காரணத்தைச் சரியாகப் பிடிப்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றும். வேறு எந்த ஊரிலும் இதை விளக்கிச் சொல்ல வேண்டும், புக்கிட் பெலண்டோக்கில் வேண்டாம். 1998, 99-இல் இந்த வட்டாரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காய்ச்சல், மயக்கம், ஆஸ்பத்திரி, சாவு. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் முக்கியக் குற்றவாளி கொசு இல்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார். பன்றிகளிடமிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் ராணுவம் வந்தது, பன்றிகள் லட்சக்கணக்கில் அழிக்கப்பட்டன, நோய் நின்றது. நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். பக்கத்துக் கிராமமான சுங்கை நிப்பாவின் பெயர் அந்த வைரஸுக்கு ஒட்டிக்கொண்டது. மருத்துவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, யாரும் அதுவரை பார்த்திராத நோய் அது. காரணம் தப்பாக இருந்த மாதங்களில் எவ்வளவு உழைத்தும் அந்த உழைப்பு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நிலநடுக்கத்திலும் இப்படிக் கவனம் வேறு பக்கம் போனது உண்டு. 2015 ஜூன் 5-ஆம் தேதி சபாவில் கினபாலு மலையில் 6.0 வந்தது. மலையேறிகள், வழிகாட்டிகள், சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் என்று பதினெட்டுப் பேர் பாறை உருண்டு இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் உச்சியில் நிர்வாணமாக நின்று படம் எடுத்திருந்தார்கள், மலை கோபித்துக்கொண்டது என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் செய்தது மரியாதைக்கேடு, நீதிமன்றம் அபராதம் போட்டது, அது வேறு விஷயம். அந்தப் பேச்சில் நாட்டின் கவனம் பாதி கரைந்தது. அந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டியது, மலையை ஒட்டிய ரானாவ் பக்கம் பிளவுகள் இருப்பது தெரிந்த பிறகும் அங்கே பள்ளிக்கூடங்களை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பதை.

இனி நம் ஊர். நமக்கு ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று காலடியிலிருந்து. இரண்டுக்கும் குணம் வேறு.

போர்ட்டிக்சன் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால், நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்திரா. அந்தத் தீவின் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஒரு பிளவு ஓடுகிறது. நமக்கு மிக அருகில் வரும் இடம் முந்நூறு கிலோமீட்டருக்குள். 2022 பிப்ரவரி 25-ஆம் தேதி பசாமானில் 6.1 வந்து, நம் மேற்குக் கரையோரம் முழுக்க மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி ஓடினார்களே, அது அந்தப் பிளவில் வந்தது. இன்னும் மேற்கே, தீவுக்கு அப்பால் கடலடியில், ஒரு தட்டு இன்னொன்றின் கீழே செருகிக்கொண்டு போகிறது. 2004-இல் பிளந்தது அதன் வடபகுதி. மெந்தாவாய்த் தீவுகளுக்கு அடியில் உள்ள பகுதி 1797-இலும் 1833-இலும் பெரிதாக நழுவியது. ஆய்வாளர் கெர்ரி சீயும் அவருடைய குழுவினரும் அந்தத் தீவுகளின் பவளப்பாறைகளை அறுத்து, மரத்தில் வளையம் எண்ணுவது போல எண்ணி, எழுநூறு ஆண்டு வரலாற்றைப் படித்தார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு ஒரு முறை அங்கே பெரிய நழுவல்கள் தொகுதியாக வருகின்றன. 2007-இல் அந்தத் தொகுதி தொடங்கிவிட்டது, ஆனால் சேர்ந்திருக்கும் அழுத்தத்தில் ஒரு பங்குதான் வெளியேறியது என்பது அவர்கள் கருத்து. ஆகவே உலகத்தில் கூடவில்லை என்று நான் சொன்னதை நம் வாசலுக்கும் ஆபத்து கூடவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஒன்று வந்த இடத்தின் அக்கம்பக்கத்தில் அடுத்தது வரும் வாய்ப்பு நிச்சயமாகக் கூடும். 2004 டிசம்பருக்குப் பிறகு மூன்றே மாதத்தில், 2005 மார்ச் 28 இரவு, நியாஸ் தீவில் 8.6 வந்தது அப்படித்தான்.

அவ்வளவு தூரத்து அதிர்வு இங்கே என்ன செய்யும்? தரையோடு இருக்கும் வீட்டை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் உணரவே மாட்டீர்கள். படபடவென்று உலுக்கும் அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக ஊஞ்சல் ஆடுகிற மாதிரியான நீண்ட அலைகள் மட்டும் வந்து சேரும். கட்டடத்துக்கும் ஒரு சொந்த ஆட்டம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. முப்பது மாடி என்றால் ஒரு முறை ஆடி வர மூன்று விநாடி. வருகிற அலையும் அதே தாளத்தில் இருந்து, அடியில் சேற்று மண்ணும் இருந்தால் ஆட்டம் பெருகும். 2025 மார்ச் 28-ஆம் தேதி மியன்மாரில் 7.7 வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பேங்காக்கில் கட்டி முடியாத முப்பது மாடிக்கு மேற்பட்ட ஒரு கட்டடம் சரிந்து மண்ணோடு மண்ணானது. அருகிலிருந்த மற்ற உயர்ந்த கட்டடங்கள் ஆடின, விரிசல் கண்டன, நின்றன. கட்டுமானத்தில் குறை இருந்ததா என்று அந்த ஊர் அதிகாரிகள் விசாரித்தார்கள்.

இது நமக்கு எதற்கு என்றால், நம் பிள்ளைகள் இங்கே இல்லை. தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது, பால்மரம் செம்பனையானது, லயம் போய்த் தாமான் வந்தது, பிள்ளைகள் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பதினெட்டாவது மாடி, இருபத்தைந்தாவது மாடியில் இருக்கிறார்கள். அம்மா இங்கே கீழ் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றுமே தெரியாது. அங்கே மகள் வீட்டில் விளக்கு ஆடும். நிலநடுக்கத்துக்கான கட்டட விதிமுறைக்கு மலேசியா தன் தேசிய இணைப்பை வெளியிட்டது 2017-இல்தான். அதற்கு முன்னால் எழும்பியவற்றில் பெரும்பாலானவை காற்றுக்குக் கணக்குப் போட்டவை, நில அதிர்வுக்கு இல்லை. உடனே பயந்து வீட்டை விற்கச் சொல்லாதீர்கள், காற்றுக்காகக் கொடுத்த பலம் இதற்கும் கொஞ்சம் உதவும். ஆடும்போது லிப்ட்டுக்கு ஓடக் கூடாது, கண்ணாடி ஓரம் நிற்கக் கூடாது, மேசைக்கு அடியில் இருந்து ஆட்டம் நின்ற பிறகு படிக்கட்டில் இறங்க வேண்டும். இதைப் போனில் சொல்லி வைத்தால் போதும்.

சுனாமியைப் பற்றிக் கேட்பீர்கள். போர்ட்டிக்சனுக்கு முன்னால் சுமத்திரா சுவர் மாதிரி நிற்கிறது. 2004-இல் அலை தீவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு வந்து பினாங்கையும் கெடாவையும் அடித்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், அதிகம் பினாங்கில். என் மனத்தில் ஆறாத ஒன்று உண்டு. நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அலை அடித்தபோது நமக்கு மணி பதினொன்றரை. பினாங்குக் கரைக்கு வந்தபோது பிற்பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் போன பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. செய்தி உலகத்தில் இருந்தது, கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. அடுத்த ஆண்டே அரசாங்கம் எச்சரிக்கை முறையை அமைத்தது.

காலடி ஆபத்துக்கு வருகிறேன். சிகாமட் புதிதில்லை. 1984-இலிருந்து சில ஆண்டுகள் திரங்கானுவில் கென்யிர் அணையில் தண்ணீர் நிரம்பியபோது அந்த வட்டாரம் பல முறை அதிர்ந்தது. 2007 நவம்பர் 30-இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் புக்கிட் திங்கியில் இருபதுக்கும் மேற்பட்ட சின்ன அதிர்வுகள். 2009 நவம்பரில் நம் மாநிலத்திலேயே, குவாலா பிலாவில். 2004-இல் தட்டு நழுவியபோது லங்காவி சுமார் 17 செண்டிமீட்டர் மேற்கே நகர்ந்தது, தீபகற்பம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் இழுபட்டது. அந்த இழுப்பில்தான் உறங்கிக் கிடந்த பழைய பிளவுகள் அசைகின்றன என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இவை சின்னவை. ஆனால் நேர் கீழே, ஆழமில்லாமல் வருபவை. தூரத்து அதிர்வு மாடி வீட்டைத் தேடிப் போகும் என்றால், இது தரை வீட்டின் செங்கல் சுவரைத் தேடி வரும்.

‘தீபகற்பம் ஆடாது’ என்ற பேச்சு இந்தியாவிலும் இருந்தது. தக்காணப் பாறை அசையாது என்று மகாராஷ்டிராவின் லாத்தூர் வட்டாரத்தை வரைபடத்தில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் போட்டிருந்தார்கள். 1993 செப்டம்பர் 30, விநாயகர் சதுர்த்தித் திருவிழா முடிந்து ஊர் தூங்கிய விடியற்காலையில், 6.2. மண்ணில் வைத்துக் கட்டிய கனமான கல்சுவர்கள் தூங்கியவர்கள் மேல் விழுந்து பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். பிற்பாடு 2002-இல் அந்த முதல் மண்டலத்தையே இந்தியா வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டது. சென்னையும் ஒரு படி மேலே ஏறியது. நமக்கு இங்கே 6.2 வரும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தை ஒட்டி ஒன்று வந்தால் எது விழும் என்று சுற்றிப் பார்த்து வைக்கச் சொல்கிறேன்.

முதலில் விழுவது வீட்டுக்காரர் பிற்பாடு சேர்த்த பகுதி. தாமான் வீட்டில் பின்னால் சமையலறையை நீட்டியிருப்போம், தூண் இருக்காது, பீம் இருக்காது, பழைய சுவரோடு புதுச் சுவரைப் பசை மாதிரிச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த இணைப்பில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இப்போதே இருக்கும், போய்ப் பாருங்கள். கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல் தெரிந்தால் ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதி, போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அதிர்வு வந்து நீண்டால், எது பழையது எது புதியது என்று பொதுப்பணித் துறைக்காரரிடம் காட்டலாம். உயரமான அலமாரியைச் சுவரோடு திருகி வையுங்கள். எரிவாயுத் தோம்பு நிற்கும் இடத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் நிலநடுக்கம் என்ற வரி இருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேளுங்கள், இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, இது நிர்வாகத்தினருக்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டில் நம் கோயில்கள் பல, தோட்டத்து மரத்தடியிலிருந்து தொடங்கி, பணம் சேரச் சேரப் படிப்படியாக எழுந்தவை. கோபுரத்துச் சுதைப் பொம்மைகள் செங்கல்லும் சாந்துமாகச் செய்து மேலே பொருத்தியவை. உள்ளே கம்பி ஓடுகிறதா, அந்தக் கம்பி இத்தனை ஆண்டு மழையில் துருப்பிடித்துவிட்டதா என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. அதிர்வு வந்தால் மண்டபத்துக்குள் இருப்பவர்கள் அத்தனை பேரும் எந்த வழியாக ஓடுவார்கள்? அந்தக் கோபுர வாசல் வழியாகத்தான். பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தால் திருவிழா நாளில் அதைப் பூட்டி வைக்காதீர்கள், அங்கே நாற்காலி அடுக்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்குக்குச் சாரம் கட்டுவோம் அல்லவா, சாயம் பூசுகிறவர் மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அந்தச் சாரத்தில் ஏற்றிவிடுங்கள். ஒவ்வொரு பொம்மையையும் தட்டிப் பார்த்து, கம்பியைச் சோதித்து எழுதிக் கொடுக்கட்டும். சாரத்துக்கு எப்படியும் செலவழிக்கத்தான் போகிறோம், கூட ஒரு நாள் கூலி. நம் பிள்ளைகளில் பொறியியல் படித்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், கூலி வாங்காமலே வருவார்கள்.